பதினான்கு சொற்கள்

நீண்ட வாக்கியங்கள் எனக்குப் பிடிக்கும். ஒரு வாக்கியம் தொடங்கி, வளைந்து, தன் பொருளைச் சுமந்துகொண்டு முற்றுப்புள்ளியை வந்தடைவதைக் காணும்போது, மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று சரிவில் சாயாமல் இறங்கி வந்து நிற்பதைக் காண்பது போன்ற நிறைவு எனக்கு உண்டாகிறது. ஐயா, என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்வதற்காகத் தாங்கள் ஒரு பெண்மணியை அனுப்பி வைத்தீர்கள். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார் என்றும், இறுதியில் நான் கையொப்பம் இட்டால் போதும் என்றும் கூறினீர்கள். தங்கள் அன்புக்கு நன்றி. ஆயினும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாற்பத்து மூன்று வயது வரை, பிறர் எழுதியவற்றின் அடியில் பெருவிரலை அழுத்தி வந்தவன் நான். இதையாவது நானே எழுத வேண்டும்.

என் மனைவியின் தம்பி மாவு ஆலையின் முதலுதவி அறைக்குள் நடந்து வந்தபோது மணி மூன்று ஐந்து. அவர் இறந்து கிடப்பதை மூட்டைப் பிரிவின் மேற்பார்வையாளர் கண்டபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. இடைப்பட்ட நாற்பத்தேழு நிமிடங்களில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சுவரில் தொலைபேசி இருந்தும் ஆம்புலன்ஸை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டீர்கள். மூச்சுத்திணறலில் எது சாதாரணமானது, எது உயிருக்கு ஆபத்தானது என்று எனக்குத் தெரியுமா என்றும் கேட்டீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் விடையளிக்கிறேன். தெரியும். அந்த ஆலையில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

முதலுதவி அறை முன்பு துடைப்பங்கள் வைக்கும் அறையாக இருந்தது. பத்தொன்பது ஆண்டுகள் என் துடைப்பமும், முறமும், ஈரத்துணி வாளியும் அங்கேதான் இருந்தன. மாவு ஆலையில் பெருக்குபவனின் பணி முடிவதே இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சென்று திரும்பிப் பார்த்தால், பெருக்கிய இடத்தில் மீண்டும் வெண்மை படிந்திருக்கும். இப்போது அந்த அறையில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலிகள், ஒரு மருந்து அலமாரி, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு தொலைபேசி, நீல அட்டையிட்ட பதிவேடு ஆகியவை உள்ளன. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரக்கோடு நான் அளவுகோல் வைத்து இட்டது.

நான் எழுத்தறிவு பெற்ற வரலாற்றைச் சுருக்கமாகக் கூற வேண்டியுள்ளது, ஏனெனில் என் மைத்துனர் அதில் இடம்பெறுகிறார். ஆலையில் அவரை எல்லோரும் ரேடியோ என்றே அழைத்தனர். வாயிலில் நுழையும்போது தொடங்கும் பேச்சு, மாலையில் கை கழுவும் குழாயடியில்தான் ஓயும். எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலும் அவருடைய குரல் கேட்கும். சிறு வயது முதல் அவருக்கு இழுப்பு உண்டு. நெஞ்சில் அவ்வளவு குறைவான காற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அவ்வளவு பேசியது வியப்புக்குரியது.

எனக்குப் படிக்கத் தெரியாத காலத்தில் எனக்காகப் படித்தவர் அவரே. விடுப்பு விண்ணப்பம், மகளின் பள்ளிக் கடிதம், மனைவியின் மருத்துவச் சீட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாள்கள் அனைத்தையும் அவர் படிக்க நான் கேட்பேன். ஒருமுறை, ஆலைக்கு வெளியூர் விருந்தினர்கள் வருவதாக ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதை அவர் விரலால் தடவிப் படித்துவிட்டு, பெருக்குபவர்கள் அனைவரும் அன்றைக்குக் கழுத்தில் டை அணிந்து வர வேண்டும் என்று எழுதியிருப்பதாகக் கூறினார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நான் புகைப்படக் கடைக்குச் சென்று, படம் எடுக்க வருபவர்களுக்காக அங்கே ஆணியில் மாட்டியிருக்கும் டையை ஒருநாள் இரவல் கேட்டேன். கடைக்காரர் முடிச்சையும் போட்டு, தலைவழியே மாட்டிக்கொள்ளும் விதத்தில் தளர்த்திக் கொடுத்தார். அன்று காலை முழுவதும் டை அணிந்து பெருக்கினேன். குனியும்போது அது முறத்தில் விழுந்தது. ஆகவே தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டேன். உணவு இடைவேளை வரை எவரும் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. விருந்தினர்கள்கூட என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சென்றனர்.

"கட்டிட்டு வருவீங்கன்னு நினைக்கவே இல்ல மாமா," என்று மைத்துனர் பிறகு என் தோளைக் கட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு, மேனேஜரை விட உங்களுக்குத்தான் நல்லா இருந்துச்சு."

அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. முழுமை கருதியே இங்கே குறிப்பிடுகிறேன். டையின் நிறம் அரக்கு. அதில் சிறிய வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, ஒரு வரிசைக்கு ஆறு.

அந்த வாரமே தொழிலாளர் சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் நடைபெற்ற முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். முதல் வகுப்புப் பாடநூல் முதல் எட்டாம் வகுப்புப் பாடநூல் வரை, பயிற்சி வினாக்கள் உட்பட, ஒன்றையும் விடாமல் படித்தேன். பாடநூல்களின் மொழி எனக்கு மிகுந்த அமைதியை அளித்தது. அவற்றில் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. படிக்கத் தெரிந்த பிறகு எனக்கு ஏற்பட்ட ஒரே இழப்பு இதுதான்: பத்தொன்பது ஆண்டுகளாக அவர் எனக்குப் படித்துக் காட்டியவற்றில் இன்னும் எவையெவை டையைப் போன்றவை என்ற ஐயம் தோன்றி, பின்னர் நீங்கவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும் ஓசை கேட்டால் என் கை தானாகக் கழுத்துக்குச் செல்லும்.

என் நாற்பத்தெட்டாம் வயதில் முதலுதவிப் பயிற்சிக்கு ஆலையிலிருந்து நால்வரை அனுப்பினர். எழுத்துத் தேர்வில் நான் முதலிடம் பெற்றேன். பயிற்சி அளித்தவர் ஒரு மூத்த செவிலியர். அவசரமின்றி, கையை ஆட்டி ஆட்டிப் பேசுபவர். மூச்சுத்திணறல் பற்றி அவர் கூறியதை என் குறிப்பேட்டில் சொல் மாறாமல் எழுதியுள்ளேன். அந்தக் குறிப்பேட்டைத் தாங்கள் கைப்பற்றியுள்ளீர்கள்.

"கருவியெல்லாம் வேண்டாம். சும்மா பேச்சுக் குடுங்க. சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க, கேளுங்க. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சுல முடிக்க முடியாம ரெண்டு மூணு வார்த்தைக்கு ஒருதரம் நின்னா, அதோட நிறுத்திடுங்க, போனை எடுங்க."

அவர் மேலும் கூறினார். படுக்க முடியாமல் முன்னால் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்தால் கவனிக்க வேண்டும். தொண்டைக் குழியும் விலா எலும்புகளின் இடுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டால், உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்தால், இன்ஹேலரை அடித்தும் தணியாவிட்டால், குழப்பமாகப் பேசினாலோ கண் செருகினாலோ, ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. தேவையில்லாமல் அழைத்துவிட்டீர்கள் என்று எந்த ஆம்புலன்ஸ்காரரும் திட்டமாட்டார். நான் கை உயர்த்தி, இழுப்பின் சீழ்க்கை ஓசை அடங்கிவிட்டால் குணமாகிவிட்டது என்று கொள்ளலாமா என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி," என்றார். "அதுலதான் பல பேர் ஏமாந்துபோறாங்க. காத்து போனாத்தானே சத்தம் வரும்? ஆள் தேறாம சத்தம் மட்டும் நின்னா, அதைவிட மோசம் வேற கிடையாது."

அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அவர் பாராட்டிய ஒரே கேள்வி என்னுடையது.

ஆயினும் அவருடைய முறையில் ஒரு குறை இருந்தது. சும்மா பேச்சுக் கொடுப்பது என்பது அளவீடு ஆகாது. ஒருவர் சுருக்கமாகப் பேசுவார், ஒருவர் நீட்டிப் பேசுவார். எடைக்கல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? எனவே மூச்சு முட்டுகிறது என்று வருபவர்கள் அனைவரும் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை நானே இயற்றினேன். மூன்று மாலைகள் ஆயின. அதைத் தடித்த அட்டையில் அச்செழுத்துப் போல எழுதி, கட்டிலுக்கு எதிரே மாட்டினேன்:

காலைக் கதிரவனின் பொன்னொளியில் ஆலையின் உயர்ந்த களஞ்சியங்கள் மின்ன, நாம் அனைவரும் ஒற்றுமையுடனும் உற்சாகத்துடனும் நமது பணியைத் தொடங்குகிறோம்.

பதினான்கு சொற்கள். நலமுள்ள ஒருவர் அதை ஒரே மூச்சில் எளிதாகச் சொல்லலாம். பார்த்தவர்கள் எல்லோரும் எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று கேட்டனர். நான் புன்னகைத்தேன். சில நாட்களில் அது ஆலை முழுவதும் பரவியது. உணவுக்கூடத்தில் அதை ஒரே மூச்சில் இருமுறை சொல்லும் பந்தயம் நடந்தது. என் மைத்துனர் அதை ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரலிலும், தூக்கம் வராத குழந்தையை அதட்டும் தாயின் குரலிலும், மேலாளரின் மூக்கடைத்த குரலிலும் சொல்லிக் காட்டுவார். கடைசிச் சொல்லை எட்டுவதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். அவர் அதை ஒருநாளும் சிரிக்காமல் முடித்ததில்லை. என்னை அப்போதுதான் புலவர் மாமா என்று அழைக்கத் தொடங்கினார்.

இதே காலத்தில் மேலாளர் வாயிலருகே ஒரு பலகையை நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டில் இருமுறை ஆம்புலன்ஸ் வந்து, ஒன்றும் இல்லை என்று வெறுமனே திரும்பியிருந்தது. தலைமை அலுவலகத்தில் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தனர். ஆம்புலன்ஸ் அழைக்கப்படாத நாட்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. அதன் கீழே எண்ணை நாள்தோறும் சுண்ணக்கட்டியால் மாற்றி எழுதும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது.

"முந்நூறு வரட்டும்," என்றார் மேலாளர். "ரூம் கதவுல உங்க பேரையும் பதவியையும் போட்டு ஒரு போர்டு மாட்டிடலாம்."

நான் அந்தப் பெயர்ப்பலகையைக் கேட்டு வாங்கவில்லை. அவராகவே சொன்னது. எழுத்தின் அளவையும் இடைவெளியையும் ஒரு தாளில் வரைந்து அலமாரியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

நூற்றுப்பன்னிரண்டாம் நாள், சல்லடைப் பிரிவில் பணிபுரியும் பெண்மணி மூச்சு வாங்க வந்தார். அவர் அடிக்கடி அரைநாள் விடுப்புக் கேட்பவர். சல்லடையில் மாவு பறக்கும் நாட்களில்தான் அவருக்கு மூச்சு முட்டும் என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். அதை வேலைக்குப் பயந்த நடிப்பு என்று கருதினேன். மாவு பறப்பதாலேயே மூச்சு முட்டலாம் என்பது முதலுதவிப் பாடநூலில் பின்னொரு பக்கத்தில் இருந்தது. அட்டையைப் பார்த்துச் சொன்னார். ஏழாம் சொல்லில் நின்றுபோனார். மறுபடி முயன்றார். மறுபடியும் "மின்ன" என்ற இடத்தில் நின்றார்.

அவரை உட்கார வைத்துவிட்டு நான் அட்டையைப் பார்த்தேன். வாக்கியத்தின் முற்பகுதி வெறும் அலங்காரம் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. கதிரவன் இல்லாமலும் பணி தொடங்கும். களஞ்சியங்கள் மின்னுவது எவருடைய உடல்நிலைக்கும் தொடர்பற்றது. வெள்ளைத்தாள் ஒட்டி அப்பகுதியை மறைத்தேன். மீதி ஏழு சொற்களை அவர் சொல்லிவிட்டார். பதிவேட்டில், வாக்கியத்தை ஒரே மூச்சில் நிறைவு செய்தார் என்று எழுதினேன். அது உண்மை. அவர் மாலைவரை இன்ஹேலரை அடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

இருநூற்று முப்பத்தொன்றாம் நாள் மூட்டை இறக்குபவர் ஒருவர் வந்தார். பருமனான மனிதர். அவர் "உற்சாகத்துடனும்" என்ற சொல்லைத் தாண்டவில்லை. நல்ல உரைநடைக்கு அடைமொழிகள் சுமை என்று எட்டாம் வகுப்புக் கட்டுரைப் பயிற்சியில் படித்திருக்கிறேன். ஒற்றுமையையும் உற்சாகத்தையும், அவற்றோடு "அனைவரும்", "நமது" ஆகிய இரண்டையும் நீக்கினேன். நாம் பணியைத் தொடங்குகிறோம் என்று மூன்று சொற்கள் எஞ்சின. அவர் மூன்றையும் சொன்னார். அவர் இப்போது வேலைக்கு வருவதில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தவாறே உறங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று அவரை மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால் இந்நிலை வந்திராது என்று தங்கள் மருத்துவர் கருதுவதாக அறிகிறேன். அன்றைய பதிவேட்டில் பிழை ஒன்றும் இல்லை.

இதை எவரும் கவனிக்கவில்லை, ஒருவரைத் தவிர. ஒருநாள் உணவு இடைவேளையில், எல்லோர் முன்னிலையிலும், மைத்துனர் கேட்டார்.

"என்ன புலவர் மாமா, உங்க வாக்கியம் வரவரத் தேய்ஞ்சுகிட்டே போகுது? முதல்ல சூரியன் போச்சு. அப்புறம் ஒற்றுமை போச்சு. இப்படியே போனா கடைசியில முற்றுப்புள்ளிதான் மிஞ்சும். அதை எப்படிச் சொல்றது, வாயை மூடிக்கிட்டா?"

கூடம் சிரித்தது. சல்லடைப் பெண்மணி சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனரும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்குமுன் அவரிடம் கண்டதில்லை. அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்துவிட்டு, தன் அக்காவின் எதிரிலேயே, வியாழக்கிழமை பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார் என்றும், வாக்கியத்தின் மூன்று வடிவங்களையும் அவரிடம் தான் ஒப்பிக்கப் போவதாகவும் கூறினார். மறைத்து ஒட்டிய தாள்களைப் பிரித்தால் அடியில் பழைய வரிகள் இருக்கும் என்றும் கூறினார். விளையாட்டாகச் சொல்கிறாரா என்று என்னால் தீர்மானிக்க இயலவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நடையைத் திருத்தினேன் என்று விளக்கினேன்.

"நடையைத் திருத்துங்க, யார் வேண்டாம்னது," என்றாள் அவள். "மூச்சுவிட முடியாம வர்றவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறீங்கள்ல?"

அனுப்ப வேண்டிய நிலை இதுவரை வரவில்லை என்று பதில் கூறினேன். அதுவும் உண்மை. பலகையில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதிவிட்டு வந்த நாள் அது.

செவ்வாய்க்கிழமை இருநூற்றுத் தொண்ணூற்றேழாம் நாள். வியாழன் வந்தால் ஆய்வாளர். வெள்ளி வந்தால் முந்நூறு. அன்று பழைய களஞ்சியத்தின் அடியில் கட்டிபட்டுக் கிடந்த மாவை இடித்து அகற்றிக்கொண்டிருந்தனர். மைத்துனரின் முகக்கவசத்தின் வார் அறுந்திருந்ததாகவும், அதை அவர் கையால் பிடித்துக்கொண்டே வேலை செய்ததாகவும் பின்னர் கூறினர்.

அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, ஆய்வாளருக்கு முன்னோட்டமாக ஒரு வேடிக்கை நடத்த வந்திருக்கிறார் என்று சந்தேகித்தேன். என்னைச் சோதிக்கிறார் என்று சந்தேகித்தேன். நான் பதறிப்போய் ஆம்புலன்ஸை அழைப்பேன். வண்டி வந்ததும் அவர் எழுந்து நின்று சிரிப்பார். பலகையில் பூச்சியம் விழும். ஆலை ஒரு வாரம் சிரிக்கும் என்று சந்தேகித்தேன். டை அணிந்து பெருக்கிய ஒருவனுக்கு இத்தகைய சந்தேகம் இயல்பானதே என்பதைத் தாங்கள் ஏற்பீர்கள்.

கதவை மூடினேன். நோயாளியைத் தூசியிலிருந்து விலக்க வேண்டும் என்பது விதி. அவர் நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்கால்களில் கை ஊன்றி அமர்ந்தார். மாவு படிந்த சட்டைக் கழுத்தின் மேலே தொண்டைக் குழி உள்ளே போய் வந்தது. சீழ்க்கை ஓசை கடிகார ஓசையை மறைத்தது. இன்ஹேலரை எடுத்து அடித்தார். அதிலிருந்து வெறும் காற்றே வந்தது. சுவரைக் காட்டி, "மாமா... போன்..." என்றார்.

அட்டையைக் காட்டினேன். முறை எல்லோருக்கும் ஒன்றே. "நாம்" என்றார். மூச்சு வாங்கினார். "பணியை" என்றார். அங்கே நின்றார்.

எழுந்து தொலைபேசிப் பக்கம் செல்ல முயன்றார். இரண்டு தோள்களையும் பிடித்து உட்கார வைத்தேன். எழுந்தால் இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும், அசையாமல் இருங்கள் மச்சான் என்று கூறினேன். நோயாளியை நடமாட விடக்கூடாது என்பதும் விதியே. தொலைபேசி என் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, நான்கு முறை மூச்சு எடுத்து, நான்கு சொற்கள் சொன்னார்.

"மாமா... இது... விளையாட்டு... இல்ல."

அது நிறைவான ஒரு வாக்கியம்தான். ஆனால் அட்டையில் இருந்த வாக்கியம் அன்று. பதிவேட்டில் அதை எழுதும் இடம் இல்லை.

மணி மூன்று இருபத்திரண்டு. நகக்கண்கள் நீலம் பாய்ந்திருந்தன என்று குறித்தேன். விலா இடுக்குகளைக் குறித்தேன். உதடுகளைக் குறித்தேன். அந்தப் பக்கத்தைத் தாங்கள் படித்திருப்பீர்கள். கையெழுத்தில் நடுக்கம் இல்லை என்று தங்கள் உதவியாளர் ஒரு மாதிரியான குரலில் சொன்னார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பின்னர் ஒரு வெள்ளைத்தாளைக் கத்தரித்து, பசை தடவி, அட்டையில் மேலும் இரு சொற்களை மறைத்தேன். பசை உலர்வதற்காகச் சிறிது ஊதினேன். தொடங்குகிறோம் என்ற ஒரே சொல் எஞ்சியது. செய்பவரும் காலமும் அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால் அதுவும் முழுமையான வாக்கியமே. அதைவிடச் சுருக்கமாக எழுத எவராலும் இயலாது.

அவர் அட்டையைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று எண்ணிக் கழுத்தைத் தொட்டுக்கொண்டேன். அது மூச்சு எடுக்கும் முயற்சி.

மூன்று முப்பத்தைந்துக்குச் சற்று முன்பு சீழ்க்கை ஓசை நின்றது. அறை மிக அமைதியாயிற்று. கடிகாரம் மீண்டும் கேட்டது. அவருடைய கண்கள் பாதி மூடின. தலை ஒருபுறம் சாய்ந்தது. பதிவேட்டில், ஓசை அடங்கியது, ஓய்வெடுக்கிறார் என்று எழுதினேன். என் குறிப்பேட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரியைத் தாங்கள் இந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். இரண்டும் ஒரே கையெழுத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு அன்றைய கடைசி வரியை எழுதினேன்: வாக்கியம் ஒரே மூச்சில், தெளிவாகச் சொல்லப்பட்டது.

மூட்டைப் பிரிவின் மேற்பார்வையாளர் மூன்று ஐம்பத்திரண்டுக்கு வந்தார். எவரும் அவரை அனுப்பவில்லை. "ரேடியோ சத்தத்தையே ரொம்ப நேரமா காணோமேன்னு வந்தேன்," என்றார். தொலைபேசியை எடுத்தவர் அவர். அன்று மாலை பலகையில் உள்ள எண்ணை அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். அழைப்பதற்கு முன்பே உயிர் பிரிந்திருந்தால் அந்த அழைப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் சுண்ணக்கட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். பூச்சியத்தை எழுதினேன். அழகாக வரவில்லை.

மூன்றாம் நாள் என் மனைவி சமையலறை வாசலில் நின்று, கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று கேட்டாள். பதிவேட்டில் உள்ளபடியே கூறினேன்.

"உங்க அட்டையில இருந்ததையா?"

ஆம் என்றேன்.

"சிரிச்சானா?"

இல்லை என்றேன். தெளிவாகச் சொன்னார், சிரிக்கவில்லை என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள், கைப்பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள். தங்கள் அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில்தான் உள்ளது.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. வேடிக்கை செய்ய வந்திருக்கிறார் என்று சந்தேகித்ததாக ஒரு பத்தி எழுதியுள்ளேன். அதை அடித்துவிட எண்ணினேன். நன்றாக அமைந்துவிட்ட பத்தி, ஆதலால் விட்டுவைக்கிறேன். ஆனால் தாங்கள் அதை நம்ப வேண்டியதில்லை. இருபத்தாறு ஆண்டுகளில் அந்த மனிதன் ஒரு கதவைத் திறந்து ஒன்றும் பேசாமல் உள்ளே வந்தது அன்று ஒருநாள்தான். மூன்று ஐந்துக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் எதுவும் இல்லை. நான் காத்திருந்தேன்.

என் கையெழுத்தில் உள்ள பதிவேட்டில் பொய் ஒன்றும் இல்லை என்று தங்களிடம் முதல் நாள் கூறினேன். இப்போதும் அதையே கூறுகிறேன். கடைசி வரியைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். யார் சொன்னார் என்று அதில் நான் எழுதவில்லை. வாக்கியம் ஒரே மூச்சில், தெளிவாக, எவ்விதத் தடையுமின்றிச் சொல்லப்பட்டது. அவன் வாயைத்தான் திறந்தான். சொன்னது நான்.